மூன்று வேலைக்கு ஒரு வேன்: வாசகர் கேள்வி – பதில்

இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பல, வேன் பற்றியவை. தொழிலுக்கும் ஆக வேண்டும், விடுமுறையில் குடும்பத்தோடு கூடாரம் போடப் போகவும் ஆக வேண்டும், பின்னால் எதையாவது கட்டி இழுக்கவும் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை என்று எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு விருந்துக்கு 300 பேர் என்பது வழக்கம். நானும் மூன்று ஆட்களும், பாத்திரங்கள், 2 கேஸ் சிலிண்டர், 10 மடக்கு மேசை, ஒரு தண்ணீர்த் தோம்பு ஆகியவற்றோடு போவோம். பள்ளி விடுமுறையில் மனைவி மக்களோடு கோல குபு பாரு பக்கம் தங்கி வரவும் அதே வேன் உதவ வேண்டும். பந்தல் சாமான்களைச் சிறு டிரெய்லரில் ஏற்றி இழுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். டொயோட்டா ஹையேஸ், நிசான் அர்வான், மேக்சஸ் வி80 ஆகியவற்றில் எது பொருந்தும்?
– சமையல் தொழில் செய்யும் வாசகர், செந்தூல்

பதில்: தாங்கள் எண்ணிக்கை கொடுத்திருக்கிறீர்கள், எடை கொடுக்கவில்லை. வேன் விஷயத்தில் எடைதான் முதல் கேள்வி என்பதால், கடிதத்தில் கண்டவற்றை நாமே கூட்டிப் பார்த்தோம். ஆளுக்கு 70 கிலோ என்றால் நால்வருக்கு 280 கிலோ. 14 கிலோ சிலிண்டர் என்று நாம் சொல்வது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டுமே. இரும்புக் கூடும் ஏறக்குறைய அதே எடை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 55 கிலோ. மேசை ஒன்று 15 கிலோ என்று வைத்தால் 150. சோறு, குழம்பு, கூட்டு, பாயசம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொண்டாலும் 170 கிலோ வந்துவிடுகிறது. அண்டா, கொப்பரை, அடுப்பு ஆகியவற்றுக்கு 100. தோம்பில் 200 லிட்டர் தண்ணீர் என்றால் அது 200 கிலோ. இதைத்தான் எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 955 கிலோ.

ஹையேஸும் அர்வானும் ஏறக்குறைய ஒரு டன் ஏற்றும் வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது, தாங்கள் வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு நாளும் வேன் தன் எல்லையை ஒட்டியே ஓடும். சரியான எண் வேண்டுமானால், சரக்கு வேன்களின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் இரண்டு எடைகளைப் பாருங்கள். மலாய்ச் சுருக்கத்தில் ஓர் எழுத்து மட்டுமே வேறுபடும் அவற்றைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' என்றுதான் வரும் என்பதால், இங்கே 'சுமையோடு எடை' என்றும் 'வெற்று எடை' என்றும் சொல்கிறோம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பதே தாங்கள் ஏற்றக்கூடிய சுமை. அதில் ஓட்டுநரும் ஆட்களும் அடக்கம். கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால், ஒரு நாள் முழுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு பழைய இரும்பு வாங்கும் கடையின் எடை மேடையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். சில ரிங்கிட் செலவில் உண்மை தெரிந்துவிடும்.

டிரெய்லர் எண்ணம் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. டிரெய்லரின் எடையைச் சாலை தாங்குகிறது, வேனுக்கு என்ன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நேராக நிலையாக ஓட வேண்டுமானால் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதை வேனோடு மாட்டும் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பந்தல் சாமானோடு டிரெய்லர் 1,000 கிலோ என்றால் 100 கிலோ வேனின் பின்முனையில் வந்து உட்காரும். ஏற்கெனவே 955 கிலோ ஏற்றிய வண்டிக்கு அது தாங்காது. போதாததற்கு, டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியது வேனின் பிரேக் ஒன்றே.

இனி வண்டிகளைப் பார்ப்போம். ஹையேஸும் அர்வானும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் சிறு வகைச் சரக்கு வண்டி என்று பதிவாக வேண்டுமானால் நீளம் 4.7 மீட்டரையும் அகலம் 1.7 மீட்டரையும் உயரம் 2 மீட்டரையும் தாண்டக்கூடாது. 2004 ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஹையேஸின் வழக்கமான உருவம் 4.695 மீட்டர் நீளமும் 1.695 மீட்டர் அகலமும் கொண்டது; எல்லைக்கு ஐந்து மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது. இவ்வளவு சிறிய உடலில் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளச் சரக்குத் தளம் எப்படிக் கிடைத்தது என்றால், இயந்திரத்தை முன் இருக்கைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். அதன் விலையாக, நீண்ட பயணத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து சூடும் இரைச்சலும் வரும். மோதினால் முன்னால் நசுங்கிக் கொடுக்க இடமும் குறைவு. 2019 இல் வந்த ஆறாம் தலைமுறையில் இயந்திரத்தை முன்னுக்கு நகர்த்தி, குட்டி மூக்கு ஒன்று வைத்தார்கள். பாதுகாப்பும் அமைதியும் கூடின, நீளமும் 5.265 மீட்டராகக் கூடியது. செந்தூல் கடைவரிசையின் பின்சந்தில் அந்த அரை மீட்டர் தங்களுக்கு நாள்தோறும் நினைவு வரும்.

மேக்சஸ் வி80 முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு அடியில் இல்லாததால் அதன் தளத்தைத் தாழ்வாக அமைக்க முடிகிறது. கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்கி வைக்கும் ஆட்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் பின்னால் ஒரு டன் ஏற்றி மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சரிந்து முன்சக்கரங்களின் பிடி குறையும். பின்சக்கர இழுவை வேனில் இதே எடை பிடியைக் கூட்டுகிறது. மழை பெய்த புல்வெளியில் கூடாரம் போடப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சேற்றில் நின்று உணர்ந்திருப்பார்கள்.

நமது தீர்ப்பு: பின்சக்கர இழுவையுள்ள ஹையேஸ் அல்லது அர்வான், அதிலும் நடுவில் ஒரு வரிசை இருக்கையும் ஜன்னலும் உள்ள 'செமி பேனல்' வகை கிடைத்தால் அதுவே. பின்னால் இருக்கையும் ஜன்னலும் இல்லாத முழுப் பேனல் வேனில் ஆட்களைப் பின்னால் சாமானோடு உட்கார வைத்துப் போவது பதிவுக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அதைத்தான். தண்ணீரை விருந்து நடக்கும் மண்டபத்திலேயே பிடித்துக்கொண்டால் 200 கிலோ உடனே இறங்கிவிடும். பந்தல் போட வேண்டிய நாளில் ஒரு சிறு லோரியை வாடகைக்கு எடுங்கள். விடுமுறைப் பயணத்துக்கு முன் சிலிண்டர்களை இறக்கி வைத்துவிடுங்கள். மூடிய வேனுக்குள் சிலிண்டரோடு தூங்குவது நினைக்கவே கூடாத காரியம்.

கேள்வி: உயரமான கூரையுள்ள வேன் வாங்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்கிறார்கள். கோலாலம்பூரில் அதை வைத்துச் சமாளிக்க முடியுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓரளவு நிமிரலாம். ஆனால் நிறுத்த முடியாது. அடித்தள வாகன நிறுத்துமிடங்கள் பலவற்றின் வாசலில் 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர் என்று எழுதிய கம்பி தொங்கும். வழக்கமான கூரையுள்ள ஹையேஸ் ஏறக்குறைய 1.98 மீட்டர் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடும். உயர்ந்த கூரை வகை 2.285 மீட்டர். தங்கள் வேலை அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் குளிர்சாதனம் பழுது பார்ப்பது போன்றதாக இருந்தால் தாழ்ந்த கூரையே சரி. கூரைமேல் ஏணி வைக்கும் சட்டம் பொருத்தினாலும் இதே கதைதான். வாங்கிய பிறகு கூரையை வெட்டி உயர்த்தும் எண்ணம் இருந்தால் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதலைப் பெறுங்கள். இருக்கை எண்ணிக்கையையோ நிறத்தையோ மாற்றுவதற்கும் அது பொருந்தும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஹூஸ்டனில் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் தொழில் செய்கிறான். வேலைக்கும், மருமகளோடு தேசியப் பூங்காக்களுக்குப் போய்த் தங்குவதற்கும், படகு இழுப்பதற்கும் சேர்த்துப் பெரிய வேன் ஒன்று வாங்கப் போகிறானாம். ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ரேம் புரோமாஸ்டர், செவ்ரோலெட் எக்ஸ்பிரஸ் என்று தினமும் ஒரு பெயர் சொல்கிறான். பணத்தில் ஒரு பங்கு நான் கொடுக்கிறேன். எது நல்லது என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, தங்கள் மகன் சொல்லும் நான்கும் நம் ஊர் ஹையேஸைவிட ஒரு சுற்றுப் பெரியவை. நான்கையும் இரண்டு குலமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

செவ்ரோலெட் எக்ஸ்பிரஸ் பழைய அமெரிக்கக் குலம். 1996 முதல் ஏறக்குறைய அதே உருவத்தில் வருகிறது. ஜிஎம்சி சவானா என்பது அதன் இரட்டைப் பிறவி. லோரியைப் போலக் கனமான இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பெரிய வி8 இயந்திரமும் தக்க இழுவைச் சாதனங்களும் உள்ள எக்ஸ்பிரஸ் 10,000 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய நாலரை டன் வரை, இழுக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தளத்துக்கும் கூரைக்கும் இடையே ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இரவில் மழை பிடித்துக்கொண்டால் இருவரும் குனிந்தபடியே உடை மாற்ற வேண்டியதுதான். ஃபோர்டும் இதே குலத்து வேனை 1961 முதல் எக்கனோலைன் என்ற பெயரில் விற்று வந்து, 2014 இல் வேன் உருவத்தை நிறுத்தியது.

மற்ற மூன்றும் ஐரோப்பியக் குலம். உடலும் சட்டமும் ஒன்றாக வார்க்கப்பட்ட, உயரமான, நேர் சுவர் கொண்ட பெட்டிகள். டிரான்சிட் 1965 முதல் பிரிட்டனில் புகழ்பெற்ற பெயர். அதன் இப்போதைய தலைமுறைதான் எக்கனோலைனின் இடத்துக்கு அமெரிக்காவில் வந்தது. புரோமாஸ்டர் என்பது இத்தாலியின் ஃபியட் டுக்காட்டோவுக்கு அமெரிக்கச் சட்டை போட்டது. ஸ்பிரிண்டர் 1995 இல் ஜெர்மனியில் பிறந்தது, இப்போது மூன்றாம் தலைமுறையில் இருக்கிறது.

இம்மூன்றில் தூங்குவதற்கு மிக வசதியானது புரோமாஸ்டர் என்றே சொல்ல வேண்டும். சுவருக்குச் சுவர் உள்ளகலம் ஏறக்குறைய 1.92 மீட்டர் இருப்பதால் படுக்கையைக் குறுக்கே போடலாம். டிரான்சிட்டிலும் ஸ்பிரிண்டரிலும் 1.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மகன் உயரமானவர் என்றால் காலை மடக்க வேண்டும். படுக்கை குறுக்கே போனால் நீளவாக்கில் ஒரு சமையல் மேடைக்கு இடம் மிஞ்சும். வேனில் வாழ்பவர்களுக்கு அந்த மேடை ஒரு தனி அறைக்குச் சமம். தளமும் தாழ்வு என்பதால் தரை ஓட்டுப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முதுகு பிழைக்கும். ஆனால் அது முன்சக்கர இழுவை வண்டி. தரை ஓடு என்பது கல்; பின்னால் ஒரு டன் கல்லும் கொக்கியில் படகும் சேர்ந்தால் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். இழுவைத்திறன் தாளில் ஏறக்குறைய 3,100 கிலோ என்றிருந்தாலும், ஈரமான படகுச் சரிவில் முன்சக்கரங்கள் சுழன்றுகொண்டே நிற்பதை அந்தத் தாள் காட்டாது.

டிரான்சிட்டின் அதிகபட்ச இழுவைத்திறனும் ஏறக்குறைய அதே 3,100 கிலோதான். ஆனால் இழுப்பது பின்சக்கரம். 2020 முதல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகையும் கிடைக்கிறது. 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் இயந்திரத்தைச் சாதாரணமாகவும் இரட்டை டர்போவோடும் வாங்கலாம். அடிக்கடி இழுப்பவருக்கு டர்போ நல்லது. ஸ்பிரிண்டரைப் பற்றி நமக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஓட்டுவதற்கு அது வேன் போலவே இராது, நெடும்பயணத்தில் டீசல் சிக்கனமும் உண்டு. ஆனாலும் பெரும்பாலான வகைகளுக்கு இழுவை எல்லை 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. பழுது பார்ப்புச் செலவும் நால்வரில் அதிகம். பாலைவனப் பூங்காவின் நடுவில் நின்றுவிட்டால் அருகில் அதைத் தெரிந்த பட்டறை இருக்க வேண்டுமே.

மகனிடம் தாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படகும் டிரெய்லரும் எரிபொருளும் சேர்ந்து எத்தனை கிலோ? விளம்பரத்தில் வரும் இழுவை எண், வெறும் வேனுக்கு உரியது. வண்டியும் அதன் சுமையும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை என்று இன்னொரு எண் கையேட்டில் இருக்கும். வேனுக்குள் கட்டில், மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் என்று 500 கிலோ பொருத்திவிட்டால் இழுக்கக்கூடியதில் அந்த 500 கிலோ கழிந்துபோகும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

படகு 2 டன்னுக்குள் என்றால், நமது தேர்வு உயரக் கூரையுள்ள பின்சக்கர இழுவை டிரான்சிட், தொழிற்சாலையிலேயே இழுவைச் சாதனங்கள் பொருத்தியது. கல் ஏற்றும் நாளில் கட்டிலைக் கழற்றி வைக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். படகு 3 டன்னைத் தாண்டினால் எக்ஸ்பிரஸை வாங்கிவிட்டு, பூங்காவில் கூடாரம் போட்டுத் தூங்கட்டும். படகை அவ்வப்போது நண்பரிடம் இரவல் வாங்குவதுதான் வழக்கம் என்றால் புரோமாஸ்டரே போதும். ஒரு வேளை பிற்காலத்தில் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மகன் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே விற்பவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள்.

கேள்வி: பழைய ஹையேஸ் ஒன்றை வாங்கிப் படுக்கை போட்டிருக்கிறேன். 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் வைத்து, வீட்டில் இருப்பது போன்ற ஒரு குதிரைச்சக்திக் குளிர்சாதனத்தை இரவு முழுக்க ஓட்ட முடியுமா? வேனின் குளிர்சாதனத்தையே ஓட விட்டுத் தூங்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நின்ற வண்டியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கும்போது புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ காற்று திரும்பி அடித்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். பழைய ஹையேஸில் இயந்திரம் இருப்பதே இருக்கைக்கு அடியில் என்பதை நினைவில் வையுங்கள்.

மின்கலக் கணக்கு எளிது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. ஒரு குதிரைச்சக்திக் குளிர்சாதனம் ஏறக்குறைய 800 வாட் இழுக்கும். மின்கல மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் தாண்டாது. நள்ளிரவுக்கு முன்பே வியர்க்கத் தொடங்கிவிடும். அதே மின்கலத்தில் 20 வாட் விசிறி பத்து மணி நேரத்துக்கு 200 வாட்-மணி; 45 வாட் சிறு குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடி நாளொன்றுக்கு 540 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து 740தான். ஆகவே நம் ஊர் வெப்பத்துக்குக் குளிர்சாதனத்தை மறந்துவிட்டு, கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும், எதிர்ப்பக்க ஜன்னல்களில் கொசுவலையும் பொருத்துங்கள். கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்புப் போட்டால் பகலில் அடுப்பாகாமல் இருக்கும். ஜந்தா பாய்க் போன்ற மேட்டு நிலத்தில் தங்கினால் விசிறியும் தேவைப்படாத இரவுகள் உண்டு. சூரியத் தகடு வைக்கும் எண்ணமும் இருக்கலாம். ஆனால் வெயிலுக்குப் பயந்து எல்லாரும் மர நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறோம். நிழலில் தகடு வேலை செய்யாது. கம்பியோடு கழற்றி வெயிலில் வைக்கும் மடக்குத் தகடு உதவும்.

இன்னொன்று. ஆற்றங்கரை அழகாக இருக்கிறது என்று தண்ணீர் ஓரமாக நிறுத்த வேண்டாம். தங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை 'கெப்பாலா ஆயர்' என்று திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். ஆளுக்கு ஓடத் தெரியும். வேனை இயக்கித் திருப்புவதற்குள் தாமதமாகிவிடும்.

கேள்வி: வேலைக்கு டீசல் வேனா, பெட்ரோல் வேனா?
– மரவேலை செய்யும் வாசகர், செராஸ்

பதில்: சுமையோடு நெடுஞ்சாலையில் நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் டீசல். செராஸ் சுற்றுவட்டாரத்திலேயே பத்து நிமிடம் ஓடி, நிறுத்தி, மறுபடி ஓடும் வேலை என்றால் பெட்ரோல். புதிய டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கும். அது எரிவதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும், குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல் வந்துவிட்டதால் கந்தகப் பிரச்சினை குறைந்தது. அடைப்புப் பிரச்சினை ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. விலையில் பழைய நினைப்பு வேண்டாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்குப் போனது. சில வகைச் சரக்கு வண்டிகளுக்கு உதவித்தொகை அட்டை உண்டு. தாங்கள் வாங்கும் வேனின் பதிவு வகை அதில் சேருமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வணிக வண்டியாகப் பதிந்தால் புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் குறித்த காலத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தூண்டில் பைத்தியம். 700 கிலோ படகும் 300 கிலோ டிரெய்லரும் விலைக்கு வருகின்றன. என் ஜன்னல் வேனில் கட்டிப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டித் தெலுக் பாஹாங் வரை இழுத்துப் போகலாமா? ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதலில் காகிதம். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் கைகழுவிவிடுங்கள். அடுத்து, தங்கள் வேனின் கையேட்டில் இழுவைத்திறன் என்ற எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு, மற்றொன்று பிரேக் இல்லாததற்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்பது ஐரோப்பியச் சட்டத்தின் எல்லை. தங்களுடையது 1,000 கிலோ என்பதால் பிரேக் உள்ளதாக இருந்தால் மட்டுமே நாம் சம்மதிப்போம். கையேட்டில் இழுவை எண்ணே இல்லையென்றால் அந்த வேனுக்கு இழுக்கும் வேலை விதிக்கப்படவில்லை என்று பொருள். கொக்கியைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

படகைத் தூக்கி வைக்கும்போது, கொக்கியில் 100 கிலோ அளவு அழுந்தும்படி முன்னே நகர்த்திக் கட்டுங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்றை டிரெய்லரின் கொக்கி முனைக்கு அடியில் வைத்து அளந்துவிடலாம். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வால் ஆட்டும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். நடுவில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான வேனும் பின்னால் படகுமாகச் சேர்ந்து ஆடத் தொடங்கும். அப்போது பிரேக்கை மிதிப்பதும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும்தான் நம் கை தானாகச் செய்வது. இரண்டுமே ஆட்டத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பாலத்தில் எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர். தாங்கள் 60க்கு மேல் போக வேண்டாம். பத்து பெரிங்கியைத் தாண்டி வளைவும் இறக்கமுமாக வரும் சாலையில் கீழ் கியருக்கு இறக்கி, இயந்திரத்தின் பிடியிலேயே இறங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக ஒரு வேன் நிறைய முட்டைக்கோசோடு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினோம். ரிங்லெட் தாண்டிய பிறகு வந்த கருகல் வாடையும், மிதித்த பிரேக் பஞ்சு போல உள்ளே போனதும் இன்றும் மறக்கவில்லை.

கரையை அடைந்ததும் உடனே படகைத் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். ஓடி வந்த டிரெய்லரின் சக்கரத் தாங்கிகள் சூடாக இருக்கும். அப்படியே உப்பு நீரில் அமிழ்த்தினால் திடீரெனக் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பொறுங்கள். திரும்பும்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். அந்தத் தேநீர் நேரத்தில், படகின் பின்புற அடியிலுள்ள வடிகால் மூடி திருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் ஒரு முறை பார்க்காமல் இறக்கிவிட்டு, அன்று முழுக்க மீனுக்குப் பதில் தண்ணீரைத்தான் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தோம்.